மாசசூசெட்ஸ் சேலத்தில் குடியேறுவது: அக்டோபர் கூட்டம், ஈயப் பெயிண்ட், தட்டும் ரேடியேட்டர்

#1 புதுக்குடித்தனம்

வேலை பாஸ்டன் நார்த் ஸ்டேஷன் அருகில், வாரம் மூன்று நாள் ஆபீஸ். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. பாஸ்டன் வாடகை கட்டுப்படியாகாததால் வடக்கே சேலம் பார்க்கிறோம். முதல் வருஷம் வாடகை, பிடித்தால் அங்கேயே வாங்குவதாக எண்ணம். சூனியக்காரி, ஹாலோவீன் பற்றி இணையத்தில் கொட்டிக்கிடக்கிறது. வருஷம் முழுக்க அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்தது வேண்டும்: ரயில், குளிர், பழைய வீடு, பார்க்கிங். எந்தப் பகுதியில் தேடலாம்? எதில் ஏமாறுவார்கள்?

#2 வடகரை

முதலில் ஒரு எச்சரிக்கை. வீடு தேடும் தளத்தில் "சேலம்" என்று மட்டும் போட்டால் நியூ ஹாம்ப்ஷயர் சேலமும் சேர்ந்து வரும். அங்கிருந்து பாஸ்டனுக்குப் பயணிகள் ரயில் கிடையாது. மாநிலம் பார்த்துத் தேடுங்கள்.

ஊர் சின்னது. நிலப்பரப்பு எட்டுச் சதுர மைல்தான், 2020 கணக்கெடுப்பில் 44,480 பேர். 1626-இல் உருவான குடியிருப்பு, 1836-இல் நகரமானது. ரயில் நிலையத்திலிருந்து டெர்பி துறைமுகத் தெருவுக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். கார் இல்லாமல் ஒரு குடும்பம் ஓரளவு சமாளிக்கக்கூடிய ஊர் என்பதே இதன் பெரிய வசதி.

நார்த் ஸ்டேஷனுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். நியூபரிபோர்ட், ராக்போர்ட் என்று இரண்டு கிளைகள் பெவர்லியில் ஒன்றாகி அடுத்து சேலம் வருவதால், இரண்டு கிளை ரயிலும் இங்கே நிற்கும். பெவர்லி தாண்டி வீடு எடுத்தால் ஒரு கிளைதான் கிடைக்கும். வாடகை கொஞ்சம் குறைகிறதே என்று மேலே போகிறவர்கள் ஒரு ரயிலைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் பிளாட்பாரத்தில் நிற்பதை யோசிப்பதில்லை. சேலம் மூன்றாம் மண்டலம். ஒரு வழி 8 டாலர், மாதப் பாஸ் 261 டாலர். வாரம் மூன்று நாள் என்றால் மாதம் 26 தடவை, 208 டாலர்தான் ஆகும். ஆகவே மாதப் பாஸ் எடுக்காதீர்கள். சனி, ஞாயிறுக்குத் தனியாக 10 டாலர் பாஸ் உண்டு. பாஸ்டன் லாங் வார்ஃபுக்குப் படகும் இருக்கிறது, ஆனால் குளிர்காலத்தில் ஓடாது. அதை நம்பி வீடு எடுக்காதீர்கள்.

காரில் போவதை மறந்துவிடுங்கள். சேலத்துக்குள் நெடுஞ்சாலையே வருவதில்லை. 107-ஆம் எண் சாலையில் லின் ஊரைக் கடந்து ஊர்ந்து போக வேண்டும், அல்லது 114-ஆம் எண் சாலை வழியே 128 நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். தூரம் 16 மைல்தான். காலை நேரத்தில் அந்தப் பதினாறு மைல் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

பகுதி என்றால், நிலையத்துக்கு நடக்கும் தூரம் வேண்டுமானால் டவுன்டவுன், காமன் மைதானத்தைச் சுற்றிய தெருக்கள், மெக்கின்டயர் வட்டாரம், நார்த் ரிவர் தாண்டி வடக்கு சேலத்தின் தொடக்கம். தெற்கு சேலம், அதாவது லாஃபயெட் தெருவிலிருந்து ஸ்டேட் யூனிவர்சிட்டி வரை, வீடுகள் கொஞ்சம் பெரியவை. ஆனால் நிலையத்துக்கு இருபது முப்பது நிமிட நடை. ஹைலண்ட் அவென்யூ பக்கம் புது அபார்ட்மென்ட்டும் பெரிய கடைகளும். அங்கே இருந்தால் பழைய ஊரில் இருக்கிற உணர்வே வராது. அதுவே சிலருக்கு நிம்மதி.

#3 மிளகுமூட்டை

அக்டோபரைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. அதைச் சொல்லாமல் வீடு காட்டுவது நியாயமில்லை.

1982-இல் தொடங்கிய ஹாலோவீன் விழா இன்று மாதம் முழுக்க நடக்கிறது. சமீப வருஷங்களில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். 44 ஆயிரம் பேர் குடியிருக்கிற ஊரில். சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் நகராட்சி கார் நிறுத்தும் மாடிகள் நிரம்பிவிடும். அதன்பிறகு உங்கள் தெருவில் சுற்றுகிற ஒவ்வொரு காரும் இடம் தேடுகிற கார்தான்.

குடியிருப்போர் செய்வது இதுதான். மளிகை வியாழன் இரவோடு முடிந்துவிட வேண்டும். சனி, ஞாயிறு காரை எடுத்தால் திரும்பி வரும்போது இடம் இருக்காது, அதனால் எடுப்பதில்லை. குழந்தை மருத்துவர், பல் மருத்துவர், பிளம்பர் எல்லோரையும் செவ்வாய், புதனில் வைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை வெளியே போகவேண்டுமா, காலை ரயிலில் பாஸ்டன் போங்கள். வருகிற ரயில் பிதுங்கும், போகிற ரயில் காலியாக இருக்கும். திரும்புவதை மாலை நாலு மணிக்கு முன்பு அல்லது இரவு வெகுநேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பும் கூட்டம் சேலம் பிளாட்பாரத்தில் வரிசை கட்டி நிற்கும்போது அதற்குள் ஸ்ட்ரோலரோடு இறங்கினால் சிக்கல்.

குடியேறிய வாரத்திலேயே பார்க்கிங் ஸ்டிக்கருக்கு விண்ணப்பியுங்கள். காரின் பதிவு சேலம் முகவரிக்கு மாறியிருக்க வேண்டும். வேறு மாநில நம்பர் பிளேட்டோடு செப்டம்பர் கடைசியில் போய் நின்றால் வேலை நடக்காது. ஸ்டிக்கர் இருந்தாலும் அது உங்கள் மண்டலத்துக்குத்தான் செல்லும், வாசலில் இடம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

நவம்பர் 1 காலை ஊரைப் பார்த்தால் நேற்றைய கூட்டம் கனவோ என்று இருக்கும். அக்டோபரில் பதினைந்து நாள் வீட்டுக்குள் இருக்க முடியாதவர்கள் காமன், எசெக்ஸ் தெரு, டெர்பி தெரு ஓரம் எடுக்காதீர்கள். வடக்கு சேலத்தில் இருந்தால் சத்தம் கேட்கும், தொந்தரவு பாதிதான்.

இன்னொன்று. விருந்தினர் வந்தால் "இங்கே சூனியக்காரிகளை எரித்தார்கள்" என்று சொல்லி வைக்காதீர்கள். 1692-இல் யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வழக்கை ஏற்றுப் பதில் சொல்ல மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல் அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். குற்றச்சாட்டுகள் கிளம்பிய சேலம் கிராமம் இன்று டான்வர்ஸ் என்ற பக்கத்து ஊர். தூக்கிலிட்ட இடம் பிராக்டர்ஸ் லெட்ஜ் என்று 2016-இல்தான் உறுதி செய்தார்கள். ஒரு மருந்துக்கடையின் பின்புறம், வீடுகளுக்கு நடுவே, சின்ன நினைவுச் சுவர். செத்தவர்கள் யாரும் சூனியக்காரிகள் இல்லை. அவர்கள் பேரில் தொப்பி விற்கிற ஊர் இது. போலீஸ் கார் மீதும் துடைப்பத்தில் பறக்கிற சூனியக்காரிதான், ஓர் ஆரம்பப் பள்ளியின் பெயரே விட்ச்கிராஃப்ட் ஹைட்ஸ். சிலருக்கு வேடிக்கை, சிலருக்கு உறுத்தல்.

#4 நீராவி

வாடகைக்கு வருகிறவர் கவனிக்க வேண்டியவை, மாசசூசெட்ஸ் சட்டப்படி.

குடியேறும்போது வீட்டு ஓனர் கேட்கக்கூடியது நாலே நாலு: முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, ஒரு மாத வாடகைக்கு மிகாத டெபாசிட், பூட்டு மாற்றும் செலவு. வேறு எந்தப் பெயரில் கேட்டாலும் தப்பு. 2025 ஆகஸ்ட் 1 முதல் புரோக்கர் கமிஷனை யார் புரோக்கரை அமர்த்தினாரோ அவரே கொடுக்க வேண்டும். ஓனர் அமர்த்திய புரோக்கருக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. டெபாசிட் வட்டி தரும் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், எந்த வங்கி, என்ன கணக்கு என்று 30 நாளுக்குள் ரசீது தர வேண்டும். வீட்டில் ஏற்கெனவே உள்ள பழுதுகளின் பட்டியல் 10 நாளுக்குள் வரும். அதில் விட்டுப்போனவற்றை எழுதி 15 நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள். இந்தத் தாளை அலட்சியமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள்தான் பின்னால் கீறலுக்கும் கறைக்கும் டெபாசிட்டை இழக்கிறார்கள்.

சூடு: செப்டம்பர் 15 முதல் மே 31 வரை பகலில் 68 டிகிரி ஃபாரன்ஹீட், இரவு பதினொன்றுக்கு மேல் 64 டிகிரி இருந்தே ஆக வேண்டும். எரிபொருள் செலவு யாருடையது என்பதை லீசில் பாருங்கள். வாடகைதாரர் கட்ட வேண்டும் என்று எழுத்தில் இல்லாவிட்டால் அது ஓனர் பொறுப்பு. எழுத்தில் இருந்தால், போன குளிர்காலத்து பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வாடகையை ஒப்பிடுங்கள். 1850-இல் கட்டின வீட்டின் மேல்மாடி, சுவருக்குள் குளிர் தடுக்கும் பஞ்சே இல்லாமல், "வாடகை குறைவு" என்று வரும். ஜனவரியில் அந்தக் குறைவெல்லாம் எண்ணெயாக எரிந்துவிடும்.

மின்சாரத்துக்கு ஒரு கணக்கு. பீபாடி, டான்வர்ஸ், மார்பிள்ஹெட் ஆகிய பக்கத்து ஊர்களுக்கு நகராட்சியே மின்வாரியம் நடத்துகிறது, யூனிட் விலை குறைவு. சேலத்தில் நேஷனல் கிரிட். ஆனால் வீட்டுக்குப் பஞ்சு அடைக்க மானியம் தருகிற மாஸ் சேவ் திட்டம் சேலத்துக்கு உண்டு, அந்த ஊர்களின் நகராட்சி மின்சாரத்தை வைத்து அது கிடைக்காது. வாங்கப் போகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

#5 புதுக்குடித்தனம்

நன்றி. ஒரு வீடு பார்த்தோம், 1890 என்றார்கள். குழந்தை இருப்பதைச் சொன்னதும் புரோக்கரின் பேச்சு மாறிவிட்டது. "உங்களுக்கு இது சரிப்படாது" என்றார். ஈயப் பெயிண்ட் காரணமா?

#6 செங்கல்சூளை

வேறென்ன. அவர் சொன்னதே சட்டவிரோதம்.

1978-க்கு முன்பு கட்டின வீட்டில் ஆறு வயதுக்குக் கீழ் குழந்தை குடியிருந்தால், ஈய ஆபத்தை நீக்குவது அல்லது மூடுவது ஓனரின் கடமை. குழந்தை இருக்கிறது என்பதற்காக வீடு தர மறுப்பது பாரபட்சம். ஆனால் வாதாடி உள்ளே போவதைவிட, ஏற்கெனவே சான்றுள்ள வீட்டைத் தேடுவது புத்திசாலித்தனம். மாநில அரசின் இணையத் தரவுத்தளத்தில் முகவரியைப் போட்டால் அந்த வீட்டில் எப்போது ஈயப் பரிசோதனை நடந்தது, இணக்கக் கடிதம் உண்டா என்று வரும். தேட வேண்டிய சொல் "முழு இணக்கக் கடிதம்". "இடைக்காலக் கட்டுப்பாடு" என்று இருந்தால் அது அதிகபட்சம் இரண்டு வருஷத்துக்குத்தான். தேதி பாருங்கள்.

பழைய பெயிண்ட் சுவரில் உரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பெரிய ஆபத்து அங்கே இல்லை. ஆபத்து உரசுகிற இடத்தில். ஜன்னல் சட்டம் மேலும் கீழும் ஓடும்போது பக்கவாட்டில் உரசி நுண்ணிய தூள் உதிர்ந்து, ஜன்னல் அடிப்பலகையின் குழியில் சேரும். இரண்டு வயதுக் குழந்தையின் மூக்குக்கு நேர் உயரம் அது. கதவு நிலை, மாடிப்படி விளிம்பு, தாழ்வாரத் தூண் அடுத்தவை. வீடு பார்க்கப் போகும்போது ஜன்னலைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். முதலைத் தோல் மாதிரி வெடித்த பெயிண்ட், வெளிறிய தூள் இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். வெளிச்சுவரை ஒட்டிய மண்ணிலும் சுரண்டிய பெயிண்ட் சேர்ந்திருக்கும், அங்கே குழந்தையை விளையாட விடாதீர்கள், கீரை போடாதீர்கள்.

வீடு சொந்தமானாலும் சட்டம் பொருந்தும். முழுமையாக நீக்கினால் ஒரு வீட்டுக்கு 3,000 டாலர் வரை மாநில வரிச்சலுகை உண்டு. பெயிண்ட் தொடும் எந்த வேலைக்கும் ஈயப் பயிற்சிச் சான்று பெற்ற ஒப்பந்தக்காரரே வேண்டும். சாதாரணத் தேய்ப்பு மெஷினால் தேய்க்கிற ஆளை வாசலிலேயே நிறுத்துங்கள். ஒரே மதியத்தில் வீடு முழுவதும் தூள் பரப்பிவிடுவார்.

#7 128ஓரம்

இவ்வளவு எதற்கு? பழைய ஜன்னலைக் கழற்றி எறிந்துவிட்டு வினைல் ஜன்னல் போட்டால் ஈயமும் போச்சு, குளிரும் போச்சு.

#8 செங்கல்சூளை

போடலாம், வீடு வரலாற்று வட்டாரத்துக்கு வெளியே இருந்தால். உள்ளே இருந்தால் நகரின் வரலாற்றுக் கமிஷன் விடாது.

சேலத்தில் நாலு வட்டாரங்கள்: மெக்கின்டயர், டெர்பி தெரு, வாஷிங்டன் சதுக்கம், லாஃபயெட் தெரு. பொதுத் தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற வெளிப்புறத்தை மாற்றுவதற்கு வரலாற்றுக் கமிஷனின் சான்று வேண்டும். வேலி, புகைபோக்கி, ஜன்னல், பெயிண்ட் நிறம் எல்லாம் அதில் அடக்கம். வீட்டுக்குள் என்ன செய்தாலும் அவர்கள் கேட்பதில்லை. அதே பொருள், அதே வடிவத்தில் செய்கிற சாதாரணப் பராமரிப்புக்கும் தடையில்லை. விண்ணப்பித்த 60 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பொது விசாரணைக்கு 14 நாள் முன்னறிவிப்பு. ஆகவே ஏப்ரலில் பெயிண்டர் வருகிறார் என்றால் பிப்ரவரியிலேயே தாள் போயிருக்க வேண்டும். பெயிண்ட் டப்பா வாங்கி வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது வழக்கமான தவறு.

மற்ற விஷயம் காசு. 1850-இன் ஜன்னல் மரம் முதிர்ந்த காட்டுப் பைன், இழை நெருக்கமானது, ஒழுங்காகப் பெயிண்ட் இருந்தால் இன்னும் நூறு வருஷம் நிற்கும். வினைல் ஜன்னலின் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே உள்ள அடைப்பு விட்டுப்போனால் உள்ளே பனி மூட்டம் கட்டும். அப்போது முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டும். பழையதில் எதையும் தனித்தனியாகக் கழற்ற முடியும்.

செய்முறை இதுதான், ஈயச் சோதனைக்குப் பிறகு, அல்லது ஈயம் இருந்தால் சான்றுள்ள ஆளை வைத்து. உள்பக்க நிறுத்துக் கட்டையைக் கழற்றிச் சட்டத்தை வெளியே எடுங்கள். கண்ணாடி ஓரத்துக் காய்ந்த பட்டியை (புட்டி) நீராவி காட்டி இளக்கிச் சுரண்டுங்கள். சூட்டுக் காற்றடிக்கும் ஹீட் கன் வேண்டாம், ஈயப் புகை கிளம்பும், கண்ணாடியும் விரியும். வெறும் மரத்தில் ஆளிவிதை எண்ணெய் ஒரு கை தடவுங்கள். தடவாவிட்டால் மரம் புதுப் பட்டியின் எண்ணெயை உறிஞ்சிவிடும், ஒரே குளிர்காலத்தில் அது விரிசல் விட்டு உதிரும். கண்ணாடியை மெல்லிய பட்டிப் படுக்கையில் அமர்த்தி, தகட்டு முனைகளைக் குத்தி நிறுத்தி, வெளியே சரிவாகப் பட்டி போடுங்கள். மேல்தோல் கட்ட ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதற்கு முன்பு பெயிண்ட் அடித்தால் சுருங்கும். பெயிண்டை கண்ணாடி மீது ஒரு நூல் அளவு ஏற்றி அடியுங்கள், அந்த நூல்தான் மழைநீரைத் தடுப்பது. எடைக் கயிறு அறுந்திருந்தால் பக்கவாட்டில் உள்ள சின்ன மூடியைத் திறந்து பருத்திக் கயிறு மாற்றலாம், நைலான் இழுபடும். வெளியே ஒரு ஸ்டார்ம் ஜன்னல் மாட்டினால் குளிருக்கு இரட்டைக் கண்ணாடியோடு ஏறக்குறைய சமமாக நிற்கும்.

#9 128ஓரம்

ஒரு ஜன்னலுக்கு இரண்டு வாரம் என்றால் வீட்டில் முப்பது ஜன்னல். கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் பொறுமை இல்லை.

#10 செங்கல்சூளை

உண்மை. அதனால்தான் வருஷத்துக்கு நாலு. தெற்கு மேற்கு முகத்தில் உள்ளவை முதலில் கெடும், அங்கே தொடங்குங்கள். முப்பதையும் ஒரே வெயிற்காலத்தில் கழற்றியவர்கள் அக்டோபரில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

செங்கல் வீடு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலச் செங்கல் மென்மையானது, இடையில் சுண்ணாம்புக் காரை. ஈரம் காரை வழியே வெளியேறும். யாரோ ஒரு கொத்தனார் "பலமாக இருக்கட்டும்" என்று சிமென்ட் பூசிவிட்டால் வழி அடைபட்டு ஈரம் செங்கலுக்குள் தங்கும், குளிரில் உறையும், செங்கலின் முகம் தகடு தகடாக உதிரும். சாவியால் இடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு, சாவி வழுக்கினால் சிமென்ட். சிமென்ட் பூசின சுவர் கொண்ட வீட்டின் விலையில் அதைச் சரிசெய்யும் செலவைக் கழித்துக் கேளுங்கள்.

#11 மிளகுமூட்டை

வீட்டின் வயதை ஒரு தீ விபத்தை வைத்தே சொல்லிவிடலாம். 1914 ஜூன் 25, பாஸ்டன் தெருவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் கிளம்பிய தீ, லாஃபயெட் தெரு, பாயின்ட் பகுதி வழியே துறைமுகம் வரை 1,300-க்கும் மேற்பட்ட கட்டடங்களை விழுங்கியது. தீ போன பாதையில் நிற்பவை பெரும்பாலும் 1914-க்குப் பின்னால் கட்டியவை. பாயின்ட் பகுதியின் செங்கல் அடுக்குமாடிகள் அப்படி வந்தவைதான். செஸ்ட்நட் தெரு தப்பித்தது, அங்கே 1800-களின் தொடக்கம்.

இது ஏன் முக்கியம்? 1914-க்குப் பின் கட்டிய வீட்டில் மின்சாரக் கம்பி முதலிலிருந்தே உண்டு. அந்தக் கால முறை, பீங்கான் குமிழ்களில் தனித்தனியாக ஓடுகிற இரண்டு கம்பி, மாற்றாமல் விட்டிருந்தால் இன்னும் சுவருக்குள் இருக்கலாம். அதற்கு எர்த் கிடையாது. காப்பீட்டு நிறுவனங்கள் பல அதைக் கண்டால் ஓடும். கம்பியைச் சுற்றிப் பஞ்சு அடைத்தால் சூடு வெளியேறாது என்பதால், அது செயலில் இல்லை என்று எலக்ட்ரீஷியன் எழுதித் தராமல் மாஸ் சேவ் ஆட்கள் பஞ்சு அடைக்க மாட்டார்கள். பேஸ்மென்ட் கூரைக் கட்டைகளில் வெள்ளைக் குமிழ் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துண்டான கம்பியும் வெறும் குமிழும் மட்டும் என்றால் அங்கே எடுத்துவிட்டார்கள் என்று பொருள். ஆனாலும் மாடியில் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

#12 புதுக்குடித்தனம்

பிடித்த வீட்டில் நீராவி ரேடியேட்டர். பார்க்கப் போன அன்றே சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். ஓனர் "பழைய வீடு, அப்படித்தான்" என்கிறார்.

#13 நீராவி

பழைய வீடு அப்படித்தான் இல்லை. ஏதோ ஒன்று தவறாக இருக்கிறது, பெரும்பாலும் பத்து நிமிட வேலை.

ஒற்றைக் குழாய் அமைப்பில், நீராவி போகிற வழியும் குளிர்ந்த தண்ணீர் திரும்புகிற வழியும் ஒரே குழாய். இரண்டும் மோதினால் அடிக்கும். மோதுவதற்குக் காரணம் மூன்று. ஒன்று, ரேடியேட்டர் வால்வைப் பாதி திறந்து வைப்பது. அறை சூடாக இருக்கிறதே என்று பாதி மூடுவார்கள், தண்ணீர் உள்ளே மாட்டிக்கொள்ளும். முழுசாகத் திற அல்லது முழுசாக மூடு, நடுவில் ஒன்றுமில்லை. இரண்டு, சாய்வு. வால்வு இருக்கும் பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். நூறு வருஷத்தில் தரை இறங்கி இது தலைகீழாகியிருக்கும். ரேடியேட்டர் மேல் ரசமட்டம் வையுங்கள், தூரத்துக் கால்களின் கீழ் கால் அங்குலத் தகடு செருகினால் தீர்ந்தது. ஆளிரண்டு தூக்குங்கள், வார்ப்பிரும்பு, முதுகு போகும். மூன்று, பாய்லரின் அழுத்தம். அரை பவுண்டில் தொடங்கி ஒன்றரை பவுண்டில் அணைந்தால் வீட்டுக்குப் போதும். "சூடு போதவில்லை" என்று யாராவது ஐந்துக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். ஏற்றினால் சூடு வராது, எண்ணெய்தான் வீணாகும், சத்தம் கூடும்.

சூடே வராத ரேடியேட்டர் என்றால் எதிர்ப்பக்கத்தில் உள்ள காற்று வால்வ், தோட்டா மாதிரி இருப்பது, அடைத்திருக்கும். வெள்ளை வினிகரில் கொதிக்க வைத்தால் சில பிழைக்கும், புதிது வாங்கினாலும் பெரிய விலை இல்லை. விடாமல் புஸ் என்று நீராவி விட்டால் அதுவும் கெட்டதுதான், பாய்லரின் தண்ணீர் அங்கே போகிறது.

பாய்லரில் கண்ணாடிக் குழாய் இருக்கும், தண்ணீர் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவே நிற்க வேண்டும். மிதவை வகைத் தண்ணீர் காவல் கருவி (தண்ணீர் குறைந்தால் நெருப்பை அணைப்பது) இருந்தால் வாரம் ஒருமுறை, அடியில் வாளி வைத்து, பாய்லர் எரியும்போது வால்வைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை விடுங்கள். நெருப்பு தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். தண்ணீர் இல்லாமல் எரிகிற பாய்லர் வெடித்து விரியும். வாளியில் வருவது டீ டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். வாடகை வீட்டில் இது ஓனர் வேலை. ஆனால் அவர் செய்கிறாரா என்று அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்தால் தெரிந்துவிடும். கறுப்பேறி மட்டம் தெரியாமல் இருந்தால் யாரும் கீழே இறங்கிப் பார்ப்பதே இல்லை.

#14 வடகரை

எண்ணெய் வீடாக இருந்தால் டேங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேஸ்மென்டில் 275 கேலன் என்று எழுதியிருக்கும், நிரப்பக் கூடியது 250 பக்கம்தான். கால் பாகத்துக்குக் கீழ் இறங்க விடாதீர்கள். டேங்க் காலியானால் குழாயில் காற்று புகுந்து பாய்லர் நிற்கும், எண்ணெய் வந்தபின்பும் காற்றை வெளியேற்றிய பிறகே எரியும். ஞாயிறு இரவு காலியானால் பெட்ரோல் பங்கில் ஐந்து கேலன் டீசல் வாங்கி ஊற்றி ஒப்பேற்றலாம். சிவப்பு ரீசெட் பொத்தானை ஒருமுறை அமுக்குங்கள், எரியாவிட்டால் விட்டுவிடுங்கள். அமுக்கிக்கொண்டே இருந்தால் எரியாத எண்ணெய் உள்ளே தேங்கி, பிடிக்கும்போது ஒட்டுமொத்தமாகப் பிடிக்கும். டேங்கிலிருந்து போகும் செம்புக் குழாய்க்குப் பாதுகாப்பு உறையோ, கசிவைத் தடுக்கும் வால்வோ மாநிலச் சட்டப்படி கட்டாயம். வெறும் குழாய் கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தால் விற்பவரே மாற்றித் தரக் கேளுங்கள்.

#15 128ஓரம்

கடலைப் பற்றி யாரும் பேசவில்லையே. வீடு பார்க்கிறவர்கள் கடல் தெரிகிற வீடு என்று ஓடுகிறார்கள்.

இங்கே கடல் ஓதம் ஏறி இறங்குவது ஒன்பது அடி. வடகிழக்குப் புயல் உச்ச ஓதத்தோடு சேர்ந்து வந்தால் காலின்ஸ் கோவ், வில்லோஸ் பக்கம், டெர்பி தெருவின் தாழ்ந்த முனைகள் நனையும். கடலே தெரியாத கனால் தெருவும் தேங்கும். ரயில் பாதைக்காகத் தூர்த்த பழைய ஆலைக் குளத்தின் மேல் போட்ட தெரு அது. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

வெள்ளக் காப்பீடு வீட்டுக் காப்பீட்டில் அடங்காது, தனி. மத்திய அரசுத் திட்டத்தில் வாங்கிய 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாங்க முடியாது. கட்டடத்துக்கு உச்சம் இரண்டரை லட்சம் டாலர், பொருளுக்கு ஒரு லட்சம். பேஸ்மென்டில் பாய்லருக்குக் கிடைக்கும், அழகாக அமைத்த சுவர், தரைக்குக் கிடைக்காது. வாடகைதாரரும் பொருளுக்கு மட்டும் வாங்கலாம். கற்சுவர் அடித்தளத்தில் வெள்ளை உப்புக் கோடு தெரிந்தால் அந்த உயரம் வரை ஈரம் ஏறியிருக்கிறது. விற்பவர் சொல்லாததை அது சொல்லும்.

#16 மிளகுமூட்டை

ஓர் இடைச்செருகல். மியூசியத்துக்குப் போக மறக்காதீர்கள். 1799-இல் கப்பல் தலைவர்கள் சேர்ந்து தொடங்கிய கிழக்கிந்தியக் கடல்சார் சங்கத்திலிருந்து வந்ததுதான் பீபாடி எசெக்ஸ் மியூசியம். சேலம்வாசிகளுக்கு நுழைவு இலவசம், முகவரி உள்ள அடையாள அட்டை கொண்டுபோங்கள். சுமத்ரா மிளகும் இந்தியத் துணியும் ஏற்றி வந்த ஊர் இது. 1790 டிசம்பரில் பாதிரியார் வில்லியம் பென்ட்லி, மெட்ராஸிலிருந்து வந்த ஒருவரை முதன்முதலாகப் பார்த்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கறுத்த நிறம், நீண்ட கருமுடி, நல்ல உயரம் என்று வர்ணித்தவர் பெயரை மட்டும் எழுதவில்லை. கோரமண்டலக் கரையிலிருந்து வந்த அந்த மனிதர் முதல் ஜனவரியை எப்படித் தாங்கினாரோ.

குழாய்த் தண்ணீர் வென்ஹாம் ஏரியிலிருந்தும் பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. அந்த ஏரியின் பனிக்கட்டி ஒரு காலத்தில் லண்டன் வரை போனது. மெட்ராஸ் ஐஸ் ஹவுசுக்கு வந்த பாஸ்டன் பனிக்கட்டியும் இதே வட்டாரத்து ஏரிகளின் சரக்குதான்.

#17 புதுக்குடித்தனம்

கோயில், இந்திய மளிகை? பனிக்காலத்தில் காரை எங்கே விடுவது?

#18 வடகரை

ஊருக்குள் நம்ம மளிகை எதிர்பார்க்காதீர்கள். வால்தம் பக்கம் போக வேண்டும், 128-இல். மாதம் ஒரு தடவை அரிசி, பருப்பு, உறைந்த தேங்காய் வாங்கிக்கொண்டால் காய்கறி, பால், தயிருக்கு ஹைலண்ட் அவென்யூ கடைகள் போதும். பாயின்ட் பகுதியில் டொமினிகன் குடும்பங்கள் அதிகம், அவர்கள் கடைகளில் வாழைக்காய், மரவள்ளி, கொத்தமல்லி நன்றாகக் கிடைக்கும். கோயில் ஆஷ்லண்ட் லட்சுமி கோயில், போக ஒரு மணி நேரம்.

பனி அவசரநிலை அறிவித்தால் தெருவில் கார் நிற்கக் கூடாது, ஸ்டிக்கர் இருந்தாலும் சரி. இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அபராதம், இழுத்த கூலி, நிறுத்தி வைத்த வாடகை மூன்றும் சேரும். அந்த நேரத்துக்கென்று நகராட்சி கார் மாடிகளையும் சில பள்ளி மைதானங்களையும் திறந்துவிடும். நகராட்சியின் எச்சரிக்கைச் செய்திக்குப் பதிந்துகொள்ளுங்கள், பனி விழத் தொடங்கும் முன்பே போய் நிறுத்துங்கள். தடை முடிந்ததும் அங்கிருந்து எடுக்கக் கெடு இருக்கும், அதைத் தவறவிட்டு இன்னொரு சீட்டு வாங்குகிறவர்கள் உண்டு. வாடகைக்குப் பார்க்கும்போது "தெருவில் நிறைய இடம்" என்றால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டோடு ஒரு காருக்கு இடம் இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை தரலாம், அக்டோபரிலும் பிப்ரவரியிலும் அது ஈடாகிவிடும்.

#19 புதுக்குடித்தனம்

வடக்கு சேலத்தில் ஒரு வீடு, 1920, முழு இணக்கக் கடிதம் 2011 தேதியில், ஒரு கார் நிறுத்த இடம், கேஸ் சூடு. சனிக்கிழமை திரும்பப் பார்க்கப் போகிறோம். எதைக் கவனிக்க?

#20 செங்கல்சூளை

2011 கடிதம் அன்றைய நிலையைத்தான் சொல்கிறது. பிறகு பெயிண்ட் உரிந்திருந்தால் மறுபடி சரிசெய்து கடிதத்தைச் செல்லுபடியாக வைத்திருப்பது ஓனர் பொறுப்பு. ஜன்னல் குழியைப் பார்க்கச் சொன்னேனே, எல்லா ஜன்னலையும் தூக்கிப் பாருங்கள். திறக்காத ஜன்னல் பெயிண்டால் ஒட்டியிருந்தால் அதை அப்படியே விடச் சொல்லாதீர்கள், தீ வந்தால் குழந்தை அறைக்கு இரண்டாவது வழி வேண்டும். பேஸ்மென்டுக்கு ஒரு டார்ச்சும் சாவியும் எடுத்துப் போங்கள்.

#21 நீராவி

போகும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள், சூட்டைப் போட்டு வைக்கச் சொல்லி. அரை மணி நேரம் எல்லா அறையிலும் நில்லுங்கள். எந்த அறை கடைசியில் சூடாகிறதோ அதில்தான் குழந்தையைப் படுக்க வைக்கப் போகிறீர்களா என்று அப்போதே முடிவு செய்யுங்கள்.